கோழிக்குப் புல் சோறல்ல, கீரை

காலையில் கூட்டைத் திறந்துவிட்டதும் கோழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தவர்களுக்குத் தெரியும். தட்டு நிறையத் தீவனம் இருந்தாலும் நாலு கொத்து கொத்திவிட்டுப் புல் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். மாட்டைப்போல நாக்கால் சுருட்டி இழுக்க அதற்குத் தெரியாது. ஆட்டைப்போலக் கரம்பவும் முடியாது. இலையின் நுனியை அலகால் பற்றி, தலையைச் சட்டென்று பின்னுக்கு வெட்டி, நகக்கண் அளவு துணுக்கைக் கிள்ளி விழுங்கும். முற்றிய தாளைச் சீண்டாது, கொழுந்தையே தேடும். நடுவில் ஒரு வெட்டுக்கிளி துள்ளினால் புல்லை விட்டுவிட்டு அதைத் துரத்தும். பிடித்து விழுங்கிய பிறகு மறுபடி புல்லுக்கு வரும்.

கோழிக்குப் புல் கொடுப்பது பற்றி இன்று இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "அசோலாவும் புல்லும் போட்டாலே போதும், தீவனச் செலவே கிடையாது" என்பது ஒன்று. கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்துக்கே போவதால், புதிதாகத் தொழிலில் இறங்குகிறவர்களின் காதுக்கு இது தேனாக இருக்கிறது. "கோழிக்குப் புல் செரிக்காது, அதைப் போடுவது வெட்டி வேலை" என்பது மற்றொன்று. முதல் பேச்சை நம்பியவர்களின் கோழிகள் இளைத்துப்போய் முட்டையை நிறுத்துகின்றன. இரண்டாவதை நம்பியவர்களின் கோழிகளுக்கு மலிவாகக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு நல்ல பொருள் கிடைக்காமல் போகிறது. நம் வீட்டுச் சாப்பாட்டில் கீரைக்கு என்ன இடமோ, கோழியின் தீனியில் புல்லுக்கும் அதே இடம்தான். வயிற்றை நிரப்புவது வேறொன்று. ஆனால் இது இல்லாமல் அந்தச் சாப்பாடு முழுமையாகாது.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ளக் கோழியின் வயிற்றுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

கோழிக்குப் பல் இல்லை. கொத்தியதெல்லாம் முதலில் கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பைக்குப் போகிறது. அடையப்போகும் நேரத்தில் கோழியைத் தூக்கிப் பார்த்தால், மார்புக்கு மேலே சற்று வலப்பக்கமாக உருண்டையாகக் கையில் தட்டுப்படுவது இந்தப் பைதான். அங்கே ஊறிய தீனி, அமிலம் சுரக்கும் சிறிய இரைப்பையைக் கடந்து அரைவைப்பைக்கு வருகிறது. கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துத் தருகிறார்களே, கெட்டியான சதை, அதுதான் அரைவைப்பை. கோழி விழுங்கிவைத்த சின்னச் சின்னக் கற்கள் அதற்குள் கிடக்கும். சதை இறுகி இறுகித் தளரும்போது கற்களுக்கிடையில் தானியமும் இலையும் நசுங்கிக் கூழாகின்றன. பல் செய்யவேண்டிய வேலையைக் கோழிக்குக் கல் செய்கிறது.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் நாரில்தான் தொடங்குகிறது. தண்ணீர் போகப் புல்லில் பெரும்பகுதி செல்லுலோஸ் முதலிய நார். அதை உடைக்கும் நொதி எந்தக் கோழியிடமும் இல்லை. மாட்டிடமும் இல்லைதான், ஆனால் மாட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன. தின்ற புல் அங்கே ஒரு நாளைக்கு மேலேயே கிடந்து நொதிக்கிறது. கோழியின் குடலில் தீனி தங்குவது சில மணி நேரம் மட்டுமே. குடலின் கடைக்கோடியில் இருக்கும் இரண்டு குருட்டுக்குடல்களில் கொஞ்சம் நொதித்தல் நடக்கிறது என்றாலும் அதிலிருந்து கிடைக்கும் சத்து மிகக் குறைவு. பறவைகளில் புல்லையே நம்பிப் பிழைக்கக்கூடியவற்றில் ஒன்று வாத்துக் குடும்பத்தைச் சேர்ந்த பெருவாத்து. கோழியால் அது ஆகாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முட்டையிடும் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் எடுக்கிறது. அதில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். அது இடும் ஒரு முட்டையின் ஓட்டிலேயே 2 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பச்சைப் புல் 100 கிராமை எடுத்தால் ஏறக்குறைய 80 கிராம் தண்ணீர். மீதி 20 கிராமில் பெரும்பங்கு நார். புரதம் இரண்டு மூன்று கிராம் தேறும். தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடியான அசோலாவின் கதையும் இதுவே. அதில் 25 சதவீதம் புரதம் என்று விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது காயவைத்த அசோலாவின் கணக்கு. தொட்டியிலிருந்து அள்ளிய பச்சை அசோலா நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் சுமார் 15 கிராம் புரதம்தான் இருக்கும். கோழியின் ஒரு நாள் தேவைக்கே அது எட்டாது. ஒரு கிலோவைத் தின்னவும் கோழியால் முடியாது.

அப்படியென்றால் புல் எதற்கு? இதற்கான மிக நல்ல விடை டென்மார்க்கிலிருந்து வந்தது.

1929-ல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற உயிர்வேதியியல் ஆய்வாளர் கோழிக்குஞ்சுகளை வைத்துக் கொலஸ்டிரால் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகக் கொழுப்பை முழுவதுமாக நீக்கிய தீனியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். அன்றைக்குத் தெரிந்திருந்த சத்துகள் எல்லாம் அதில் சேர்த்தாயிற்று. இருந்தும் சில வாரங்களில் குஞ்சுகளின் தோலுக்கடியிலும் சதையிலும் இரத்தம் கசிந்து கட்டியது. எடுத்துப் பார்த்தால் இரத்தம் உறைய நெடுநேரம் பிடித்தது. கொலஸ்டிராலைத் திரும்பக் கொடுத்தும் பயனில்லை. வைட்டமின் சி கொடுத்தும் நிற்கவில்லை. கலிஃபோர்னியாவிலும் 1933 வாக்கில் இதே நோயைக் கண்டார்கள். அங்கே முட்டைக்கோஸ் இலையைக் கொடுத்ததும் குஞ்சுகள் தேறின. பச்சை இலையில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது புரிந்தது. 1935-ல் டாம் அதற்கு வைட்டமின் கே என்று பெயரிட்டார். இரத்தம் உறைதலைக் குறிக்கும் டேனிஷ், ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்வர்டு டாய்சியும் அவருடைய குழுவினரும் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து என்றால், நம் ஊரில் குதிரைமசால் என்று பயிரிடும் அதே பசுந்தீவனத்திலிருந்து. டாமுக்கும் டாய்சிக்கும் 1943-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இன்று நம் மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொடையில் ஒரு சிறு ஊசி போடுகிறார்களே, அது வைட்டமின் கே. பச்சை இலை கிடைக்காத கோழிக்குஞ்சுகளின் இரத்தக்கசிவிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்தான் பிறந்த குழந்தைகளை மூளை இரத்தக்கசிவிலிருந்து காக்கிறது. புல்லைக் கோழிக்கு வேண்டாத பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வைட்டமின்கள் கண்டுபிடிக்கப்படும் முன்பே குளிர்நாட்டு விவசாயிகளுக்கு அனுபவத்தில் இது தெரிந்திருந்தது. பனி மூடிய மாதங்களில் ஓட்ஸ் தானியத்தை முளைகட்டி, பச்சை முளை விரல் நீளம் வந்ததும் கோழிகளுக்குப் போடுவார்கள். முழு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆனால் இன்று நாமக்கல் வட்டாரத்தில் தினமும் கோடிக்கணக்கில் முட்டையிடும் கோழிகள் ஒரு புல்லைக்கூடப் பார்க்காமல் வாழ்நாளைக் கழிக்கின்றன. அவை நோயில் விழாமல் இருப்பதற்குக் காரணம், இலையிலிருந்து வரவேண்டிய வைட்டமின்கள் தொழிற்சாலையில் தயாராகித் தீவனத்தில் கலந்து வருவதுதான். ஆகவே கூண்டுக் கோழியின் முட்டை சத்தற்றது என்று சொல்வது நியாயமில்லை. நொய்யும் தவிடும் மட்டும் தின்று வளரும் வீட்டுக்கோழியின் நிலை வேறு. அதற்கு வைட்டமின் கலவை போடுவார் யாருமில்லை. அதன் வைட்டமின் ஏ தேவையைத் தீர்க்க இருப்பது பச்சை இலை ஒன்றே. கோடையில் புல் கருகிப்போன ஊர்களில் கண் வீங்கி, மூக்கில் சளி கட்டி நிற்கும் கோழிகளில் சிலவற்றுக்கு இந்தச் சத்துக்குறைவே காரணமாக இருக்கலாம். தொற்றுநோயிலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி மஞ்சள் கருவுக்கு வருவோம். மேய்கிற கோழியின் முட்டையை உடைத்து ஊற்றினால் கரு செம்மஞ்சளாக இருக்கும். கடை முட்டையில் வெளிர் மஞ்சளாக இருக்கும். இந்த நிறத்தைத் தருபவை லூட்டின், ஸியாசாந்தின் முதலிய கரோட்டினாய்டுகள். எந்தக் கோழியாலும் இவற்றை உடம்புக்குள் தயாரித்துக்கொள்ள முடியாது, தின்பதிலிருந்துதான் வரவேண்டும். இளம் புல்லிலும் கீரையிலும் ஏராளம் உண்டு. மஞ்சள் மக்காச்சோளத்தில் ஓரளவு உண்டு. அரிசியிலும் வெள்ளைச் சோளத்திலும் அறவே இல்லை எனலாம். ஒரு மஞ்சள் கரு முழுதாக வளர்ந்து திரளச் சுமார் பத்து நாள் ஆகும். இன்று புல் போட ஆரம்பித்தால் அடுத்த வாரம் முதலே நிறம் மாறத் தொடங்குவது அதனால்தான்.

இந்த மஞ்சளின் பின்னால் நம் மலைக்காடுகளின் கதை ஒன்றும் இருக்கிறது. சில கோழிகளுக்குக் கால் வெளுப்பாக இருக்கும். சிலவற்றுக்கு நல்ல மஞ்சளாக இருக்கும். வீட்டுக்கோழி முழுக்க முழுக்கச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்பது டார்வின் காலத்திலிருந்து நிலவிய கருத்து. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் வேறொரு பறவையிடமிருந்து வந்தது தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிதான் அந்தப் பறவை. கரோட்டினாய்டைச் சிதைக்கும் நொதி மற்றக் கோழிகளின் தோலில் வேலை செய்கிறது. இந்த மரபணு உள்ள கோழிகளின் தோலில் அது அடங்கிக் கிடக்கிறது. அதனால் இலையில் தின்ற மஞ்சள் காலிலும் அலகிலும் சேர்ந்து நிற்கிறது.

அனுபவமுள்ள கோழிக்காரர்கள் இதை வைத்தே எந்தக் கோழி நன்றாக இடுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். மஞ்சள் தோல் கோழி முட்டையிடத் தொடங்கியதும், தின்கிற மஞ்சளெல்லாம் கருவுக்குப் போய்விடுகிறது. உடம்பில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. முதலில் முட்டை வெளிவரும் வாய், அடுத்துக் கண்ணைச் சுற்றிய வளையம், காதுமடல், பிறகு அலகு, கடைசியில் கால். வெகுநாளாக விடாமல் இட்டுவரும் கோழியின் கால் அநேகமாக வெள்ளையாகியிருக்கும். முட்டையை நிறுத்திவிட்டால் இதே வரிசையில் மஞ்சள் திரும்ப ஏறும்.

நிறத்தைக் கண்டு மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. செண்டுமல்லிப் பூவின் இதழிலிருந்து இதே லூட்டினை எடுத்துத் தீவனத்தில் கலந்தால் கூண்டுக் கோழியின் கருவும் அடர்ந்த மஞ்சளாகிவிடும். சத்தியமங்கலம் பக்கம் ஒப்பந்த முறையில் செண்டுமல்லி பயிராவது மாலை கட்டுவதற்காக மட்டுமல்ல. அதிலிருந்து எடுக்கும் சாறு உலகம் முழுக்கக் கோழித் தீவனத்துக்கும் போகிறது. அது கெடுதலான பொருளும் அல்ல. ஆனால் கருவின் நிறம் அடர்ந்திருப்பதாலேயே கோழி புல் தின்றது என்று முடிவுகட்ட முடியாது. ஓட்டின் பழுப்பு நிறமும் அப்படியே. அது கோழியின் இனத்தைப் பொறுத்தது. தீனிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நிறத்தைத் தாண்டிய சத்து வேறுபாட்டை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1989-ல் ஆர்ட்டெமிஸ் சிமோபுலோஸ் என்ற மருத்துவர் கிரேக்க நாட்டுப் பண்ணை ஒன்றின் முட்டைகளைச் சோதித்தார். அந்தக் கோழிகள் வெளியில் சுற்றிப் புல்லும் பூச்சியும் காய்ந்த அத்திப்பழமும் தின்றவை. அவை விரும்பித் தின்ற செடிகளில் ஒன்று பருப்புக்கீரை. நம் தோட்டங்களில் வரப்போரம் சிவந்த தண்டோடு தரையில் படர்ந்து கிடக்கிறதே, அதேதான். அமெரிக்கக் கடை முட்டையில் ஒமேகா-6 கொழுப்பு ஒமேகா-3 போல 19 மடங்குக்கு மேல் இருந்தது. கிரேக்க முட்டையில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. ஒமேகா-3 மீனில் உண்டு என்று நமக்குத் தெரியும். பச்சை இலையிலும் அதன் மூலவடிவம் இருக்கிறது. அளவு குறைவுதான். ஆனால் கோழி அதை வாங்கி, அதில் ஒரு பகுதியை மீன்கொழுப்பில் உள்ள அதே வடிவத்துக்கு மாற்றிக் கருவில் வைக்கிறது. மீனே தொடாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2010-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது. மேய்ச்சல் நிலத்தில் விட்ட கோழிகளின் முட்டையில், கூண்டுக் கோழிகளின் முட்டையைவிட வைட்டமின் ஈ இரண்டு மடங்கும், மொத்த ஒமேகா-3 இரண்டரை மடங்கும் இருந்தன. வைட்டமின் ஏ-யின் செறிவு 38 சதவீதம் கூடுதல். அந்தக் கோழிகளுக்கும் புல்லோடு தானியத் தீவனம் வைத்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சத்துக் கணக்கில் வராத ஒரு பயனும் உண்டு. அடைபட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். இறகைப் பிடுங்கும்; இரத்தம் பார்த்துவிட்டால் கூட்டமாகக் கொத்திக் கொன்றுவிடும். இதற்காகவே பண்ணைகளில் அலகின் நுனியைச் சுட்டு வெட்டுகிறார்கள். டென்மார்க்கில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் முட்டைக்கோழிகளுக்கு வழக்கமான தீவனத்தோடு மக்காச்சோள ஊறுகாய்ப்புல் (சைலேஜ்), பார்லியும் பட்டாணியும் சேர்ந்த ஊறுகாய்ப்புல், கேரட் ஆகியவற்றைத் தனித்தனிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் தீவனம் தின்ற கூட்டத்தில் 15.2 சதவீதக் கோழிகள் செத்தன. மற்றவற்றில் சாவு 0.5-லிருந்து 2.5 சதவீதத்துக்குள் நின்றது. கொத்திக்கொள்வதும் குறைந்தது, இறகும் நன்றாக இருந்தது. நாளெல்லாம் கிளறித் தேடிக் கொத்திப் பிழைக்கவே பிறந்த பறவை அது. தட்டில் வைத்த தீவனத்தைச் சீக்கிரமே தின்று முடித்துவிட்டால் மீதிப் பொழுதுக்கு அலகை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? அலகு எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கீரைக்கட்டைக் கட்டித் தொங்கவிட்டால் அதைக் குதித்துக் குதித்துக் கொத்திக்கொண்டிருக்கும். பக்கத்துக் கோழியின் வாலை மறந்துவிடும்.

புல்லையும் தீவனத்தையும் எப்படி இணைப்பது என்பதைப் பிரான்சின் பிரெஸ் வட்டாரம் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. வெள்ளை இறகும் சிவந்த கொண்டையும் நீலக் காலுமான அந்த ஊர்க் கோழிக்கு 1957-லேயே தனிச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஒவ்வொரு கோழிக்கும் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்தரை விட வேண்டும். கூடவே மக்காச்சோளமும் பாலும் கொடுப்பார்கள். கொடுக்கும் தீனியில் புரதத்தை வேண்டுமென்றே குறைவாக வைப்பார்கள். மீதியைப் புல்தரையில் புழுவும் பூச்சியுமாகக் கோழியே தேடிக்கொள்ளட்டும் என்று. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோயல் சாலட்டின் என்ற விவசாயி மாடுகள் மேய்ந்துபோன நிலத்துக்குச் சில நாள் கழித்துக் கோழிகளைக் கொண்டுபோய் விடுகிறார். அவை சாணத்தைக் கிளறி ஈப்புழுக்களைத் தின்கின்றன. சாணமும் நிலத்தில் பரவுகிறது. அவரும் தானியம் கொடுக்கத்தான் செய்கிறார். உலகத்தில் எங்கே பார்த்தாலும், புல்லில் கோழி வளர்த்து வெற்றி கண்டவர்கள் தீவனத் தட்டை எடுத்துவிடவில்லை.

புல்லில் பூச்சி கிடைக்கும் என்பதை நம் ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர்கள். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, மட்டை என்று திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் பானையைத் தூக்கித் தட்டினால் கரையான் கொட்டும். குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்குவதைப் பார்க்க வேண்டும்! புல்லில் இல்லாத புரதம் அந்தப் பானையில் இருக்கிறது.

சரி, நம் வீட்டுக் கொல்லையிலோ மாடியிலோ இருக்கும் பத்துக் கோழிக்கு எதைப் போடுவது? அருகம்புல்லின் இளந்தளிர் நல்லது. குதிரைமசாலும் வேலிமசாலும் பயறுவகைச் செடிகள் என்பதால் புரதம் கூடுதல். முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் மேல் என்று தயங்காமல் சொல்லலாம். கரோட்டின் நிறைந்தது, புல்லெல்லாம் காய்ந்த சித்திரையிலும் மரத்தில் கிடைக்கும், ஒரு கொத்தை உடைத்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. சந்தையில் கழித்துப்போடும் முட்டைக்கோஸ் மேலிலையும் முள்ளங்கிக் கீரையும் ஆகும். பூச்சிமருந்து பட்டிருக்கும் என்பதால் நன்றாகக் கழுவ வேண்டும். அசோலாவைக் கால்நடைத் தீவனமாகப் பரப்பியதில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்துக்குப் பெரும் பங்குண்டு. தார்ப்பாய் விரித்த சிறு தொட்டியும் கொஞ்சம் சாணமும் இருந்தால் மாடியிலேயே வளரும். கீரையாக நினைத்துக் கொடுத்தால் அசோலா அருமையான பொருள். சாணவாடை போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் கொடுப்பது முறை.

மாட்டுக்குப் போடுவதையெல்லாம் கோழிக்கும் போடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. ஆளுயரம் வளர்ந்த கம்பு நேப்பியர் வெறும் நார். கோழிக்கு அதில் ஒன்றுமில்லை. இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு இருக்கிறது. சூபாபுல் இலையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஆடுமாடுகளுக்கு உயர்ந்த தீவனமான அகத்தியைக் கோழிக்குத் தவிர்க்கச் சொல்லித் தீவன நூல்கள் எச்சரிக்கின்றன. அரளி, ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணி உள்ள வேலியோரம் கோழி மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். களைக்கொல்லி அடித்த வரப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நீளமான புல்லும் ஆபத்துதான். தரையில் வேரோடு நிற்கும் புல்லைக் கோழி தேவைக்குக் கிள்ளிக்கொள்கிறது. அறுத்துக் குவித்த புல்லில் அது முடியாது. பிடித்து இழுத்தால் இழை முழுசாக வரும், அப்படியே விழுங்கும். நாலைந்து இழை தீனிப்பையில் போய்ப் பின்னிக்கொண்டால் கீழே இறங்காது. காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போதும் தீனிப்பை கல்போல இறுகியிருந்தால் அதுதான் அடைப்பு. கவனிக்காமல் விட்டால் கோழி பட்டினியிலேயே செத்துப்போகும். அதனால் அறுத்த புல்லை அரிவாளால் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கிப் போட வேண்டும். இல்லாவிட்டால் கட்டித் தொங்கவிட வேண்டும். கட்டு தளராமல் இறுகியிருந்தால் கோழியால் கிள்ள முடியும். அடைத்து வளர்க்கும் கோழிக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் பொடிக்கல்லும் இன்னொன்றில் கிளிஞ்சல் தூளும் எப்போதும் இருக்கட்டும். கல் அரைப்பதற்கு, கிளிஞ்சல் ஓட்டுக்கு. பூஞ்சணம் பிடித்த, குவியலாகச் சூடேறிய புல்லை எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது. அதிலிருந்து வரும் நோய் நுரையீரலைத் தாக்கும்.

நிலம் உள்ளவர்களுக்கு வேறொரு கவலை. ஒரே இடத்தில் கோழியை விட்டால் சில வாரங்களில் புல் இருந்த சுவடே இருக்காது. கொத்துவதைவிடக் கிளறுவதில்தான் அது புல்லை அழிக்கிறது. வெறும் மண்ணானதும் அதே எச்சத்தில் அதே கோழிகள் மேய்ந்து, குடற்புழுவும் இரத்தக்கழிச்சலும் வந்து சேரும். பிரெஸ்காரர்களின் கணக்கில் பார்த்தால் இருபது கோழிக்கு ஏறக்குறைய ஐந்து சென்ட் புல்தரை வேண்டும். அதை வலைகட்டி நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் மேயவிட்டால், ஒவ்வொரு பாத்தியும் மூன்று வாரம் ஓய்ந்து துளிர்க்கும். தென்னந்தோப்பில் இது இன்னும் எளிது. நிழலும் இருக்கிறது, மரத்துக்கு எருவும் ஆகிறது. புல் நாலு விரற்கடை உயரத்துக்கு வந்த பிறகு கோழியை உள்ளே விட வேண்டும். இரண்டு விரற்கடைக்குக் கீழே போவதற்குள் அடுத்த பாத்திக்கு மாற்றிவிட வேண்டும். குடற்புழு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுக்க வேண்டும்.

இடமே இல்லாதவர்கள் ஒரு கோழிக்கு ஒரு பிடி என்று வைத்துக்கொள்ளலாம். காலைத் தீவனத்தைத் தின்று முடித்த பிறகு, பத்து மணி வாக்கில் கொடுப்பது உத்தமம். முதலிலேயே பச்சையைப் போட்டால் தண்ணீரும் நாருமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு தீவனத்தைக் குறைத்துவிடும். வெயில் காலத்தில் கோழிக்கு இயல்பாகவே தீவனம் இறங்காது. அப்போது தண்ணீர் தெளித்த கீரையைச் சாயங்காலமும் ஒரு தடவை தொங்கவிட்டால் விரும்பித் தின்னும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்குப் பொடியாக அரிந்து, ஒரு சிட்டிகையில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். தின்றது போக மிஞ்சியதை அன்றே கூட்டி அள்ளி எருக்குழியில் போட்டுவிட வேண்டும்.